பழைய வரைகலை மென்பொருளை டெபியனுக்குப் பொதியாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுபோஜ் சுதந்தவிபுல் 1985-இல் எழுதிய நிரலிலிருந்து வளர்ந்த எக்ஸ்ஃபிக் என்னும் வரைபட மென்பொருள், நாற்பது ஆண்டுகள் கடந்தும் டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் மென்பொருள் களஞ்சியத்தில் இருக்கிறது. அதில் வரைந்த ஒரு கோப்பை உரைத்திருத்தியில் திறந்தால் முதல் வரியில் ‘#ஃபிக் 3.2’ என்றிருக்கும். தாள் கிடைமட்டமா நெடுக்கா, அளவு மெட்ரிக்கா அங்குலமா, தாள் ஏ4-ஆ வேறா என்ற விவரங்கள் அடுத்தடுத்த வரிகளில் வரும். பிறகு கோடு, வில், எழுத்து எல்லாமே அங்குலத்துக்கு 1200 அலகு என்ற கணக்கில் எண்களாக இறங்கியிருக்கும். லேடெக் என்னும் ஆவண அச்சமைப்பு மென்பொருளில் எழுதப்பட்ட எத்தனையோ ஆய்வேடுகளின் படங்களும் பாடக்குறிப்புகளின் சுற்றுப்படங்களும் இந்த எண்களில்தான் இருக்கின்றன. இத்தகைய பழைய மென்பொருளைப் பயனர் எளிதில் நிறுவும்படி இன்றும் பொதியாக்கிக்கொண்டிருப்பதன் பயன், அந்தப் படங்கள் இன்றும் பிழையின்றித் திறக்க வேண்டும் என்பதே. பொதியாக்குபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறந்து, நிரல் கம்பைல் ஆகிவிட்டால் (இயங்கும் வடிவுக்குத் தொகுக்கப்பட்டுவிட்டால்) வேலை முடிந்தது என்று எண்ணுவதால் வருகின்றன.

அவற்றுள் முதன்மையானது கம்பைலரின் வாயை அடைப்பது. ஜிசிசி என்னும் சி மொழிக் கம்பைலரின் பதிப்புகளுள் 2020-இல் வந்த ஜிசிசி 10, 2024-இல் வந்த ஜிசிசி 14, 2025-இல் வந்த ஜிசிசி 15 ஆகிய மூன்றும் பழைய சி நிரல்களைப் பெருமளவில் தடுத்து நிறுத்தின. இவற்றுள் ஜிசிசி 14 கொண்டுவந்த மாற்றத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முன்கூட்டி அறிவிக்கப்படாத சார்பு (ஃபங்ஷன்) ஒன்றை அழைத்தால், அது முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று பழைய சி மொழி தானாகவே கொள்ளும். அதை இதுவரை எச்சரிக்கையோடு விட்டுவந்த கம்பைலர், ஜிசிசி 14 முதல் பிழையாக அறிவிக்கிறது. உடனே பலர் பொதியைக் கட்டும் முறையைச் சொல்லும் ரூல்ஸ் கோப்பைத் திறந்து, இதை மீண்டும் எச்சரிக்கையாக இறக்கும் தெரிவையோ, 1989-ஆம் ஆண்டின் சி மொழியைக் கேட்கும் தெரிவையோ சேர்த்துவிடுகிறார்கள். பொதியும் உருவாகிவிடுகிறது.

இதில் என்ன கேடு என்பதை நான் பராமரித்த ஒரு பழைய படம் பார்க்கும் நிரலில் கண்டேன். சிறிய படங்கள் எல்லாம் சரியாகத் திறந்தன. பெரிய படம் எதைக் கொடுத்தாலும் நிரல் விழுந்தது. நினைவகம் ஒதுக்குவதற்கென்று அந்த நிரலுக்குள்ளேயே ஒரு சார்பு இருந்தது; அதன் அறிவிப்பு ஒரு கோப்பில் விடுபட்டிருந்தது. அது தரும் முகவரியை முழு எண் என்று கம்பைலர் கொண்டதால், 64 பிட் முகவரியின் மேல்பாதி வெட்டுப்பட்டது. 128 கிலோபைட்டுக்குக் குறைவான ஒதுக்கீடுகள் அப்போது முகவரிவெளியின் அடிப்பகுதியிலேயே கிடைத்ததால், அவற்றில் மேல்பாதி சுழியமாகவே இருந்தது. எனவே வெட்டியும் சேதமில்லை. அதைவிடப் பெரிய ஒதுக்கீட்டை ஜிலிப்சி என்னும் அடிப்படை சி நூலகம் வேறிடத்தில், உயர்ந்த முகவரியில் தரும். அங்கே வெட்டுப்பட்டவுடன் நிரல் யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் எழுதப் போய் விழுந்தது. 2017-இல் வந்த டெபியன் 9 முதல் நிரல்கள் நினைவகத்தின் எந்த இடத்திலும் ஏற்றக்கூடிய, இடம்சாராத வடிவில் தொகுக்கப்படுவதால், சிறிய ஒதுக்கீடுகளும் உயர்ந்த முகவரிக்குப் போய்விட்டன. முன்பு பெரிய படத்துக்கு மட்டும் விழுந்த நிரல் இப்போது எல்லாவற்றுக்கும் விழும். சார்பின் அறிவிப்பு உள்ள ஒரே ஒரு தலைப்புக் கோப்பைச் சேர்த்தால் தீர்ந்துபோகும் பிழை அது. அதைச் சுட்டிய எச்சரிக்கை பல ஆண்டுகளாகத் தொகுப்புப் பதிவில் அச்சாகிக்கொண்டேதான் இருந்தது. படிக்காமல் விட்டது என் தவறு.

ஜிசிசி 10-இன் தடையும் இதே இனத்தது. தலைப்புக் கோப்பில் ‘வேறிடத்தில் உள்ளது’ என்று குறிக்கும் ‘எக்ஸ்டர்ன்’ இல்லாமல் பொதுமாறிகளை எழுதுவது பழைய நிரல்களின் பழக்கம். அவற்றையெல்லாம் ஒன்றாக இணைக்கும் வழக்கத்தை ஜிசிசி 10 கைவிட்டது. ‘-எஃப்காமன்’ என்று சேர்த்தால் பழைய வழக்கம் திரும்பிவிடும் என்பது உண்மை. ஆனால் ஒரே பெயரை ஒரு கோப்பு முழு எண்ணாகவும் இன்னொரு கோப்பு தசம எண்ணாகவும் வைத்திருந்தால் அதுவும் சத்தமில்லாமல் கூடவே திரும்பிவிடும். ஜிசிசி 15 சற்று வேறுபட்டது. அது சி23 தரத்தை இயல்பாகக் கொள்வதால், வெற்று அடைப்புக்குறி ‘அளவுரு எதுவும் இல்லை’ என்றும், ‘பூல்’ என்பது மொழிக்கே உரிய சொல் என்றும் ஆகிவிட்டன. இங்கே நிரல் எழுதப்பட்ட காலத்தின் தரத்தைக் கேட்டு, சி17 என்று குறிப்பிடுவதை நான் தவறாகக் கருதவில்லை. ஏனெனில் அது எந்தப் பிழையையும் மறைப்பதில்லை. வாயை அடைப்பதும் மொழியின் தரத்தைத் தெரிவிப்பதும் ஒன்றல்ல.

இதே மனப்பான்மை பாதுகாப்புத் தெரிவுகளிலும் தலைகாட்டுகிறது. கோப்பின் பெயருக்கு 256 எழுத்து போதும் என்று 1990-களில் எழுதியவர் முடிவு செய்திருப்பார். இன்று நீண்ட அடைவுப் பாதை ஒன்றைக் கொடுத்தால், தாங்ககம் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) நிரம்பி வழிந்தது என்ற செய்தியுடன் நிரல் நின்றுவிடும். இப்படி வழிவதைக் கண்டு நிறுத்தும் கடினமாக்கும் தெரிவுகளை அணைத்தால் அந்தச் செய்தி வராது. வழிவது மட்டும் வழிந்துகொண்டே இருக்கும். வரைகலை மென்பொருளில் இது சிறிய விஷயமன்று. படக்கோப்பு என்பது முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பி, நாம் யோசிக்காமல் திறப்பது. படத்துக்குள் ஒளித்துவைத்த சொற்களைக் கொண்டு கட்டளைகளை இயக்க முடியும் என்று 2016 மே மாதத்தில் இமேஜ்மேஜிக் என்னும் படமாற்று மென்பொருளில் வெளிப்பட்ட ஓட்டை, ஏராளமான இணையத்தளங்களை ஒரே நாளில் ஆபத்துக்குள்ளாக்கியது. ஃபிக் கோப்புகளை மாற்றித் தரும் ஃபிக்2டெவ் நிரலிலும், சிதைத்த கோப்புகளைக் கொடுத்துச் சோதித்தவர்கள் பல ஓட்டைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அடுத்த தவறு, தன் மேசையில் உள்ள கணினியில் ஓடினால் போதும் என்று இருப்பது. இன்டெல் வகைக் கணினிகளில் ‘சார்’ என்னும் ஒரு பைட் மாறிவகை குறிகொண்ட எண், அதாவது எதிர்ம மதிப்பையும் ஏற்பது; ஆர்ம்64-இலும் ரிஸ்க்-வி-யிலும் அது குறியற்றது. பழைய நிரல் ஒன்று படத்தைப் பைட் பைட்டாக வாசித்து, வாசித்ததைச் ‘சார்’ மாறியில் வைத்து, கோப்பு முடிந்ததைக் குறிக்கும் -1 வருகிறதா என்று பார்க்கிறது என்று கொள்வோம். ஆர்ம் கணினியில் அந்த மாறி ஒருபோதும் -1 ஆகாது. கோப்பு முடிந்த பிறகும் நிரல் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்டெல் கணினியில் நேர்வது இதைவிடக் கொடியது. 255 என்ற பைட் அங்கே -1 ஆகத் தெரியும். வெள்ளைப் புள்ளியின் மதிப்பு 255. எனவே முதல் வெள்ளைப் புள்ளி வந்தவுடனேயே படம் முடிந்துவிட்டதாக நிரல் நினைத்துக்கொள்ளும். மாறியை முழு எண்ணாக மாற்றினால் இரண்டும் தீரும். அதைச் செய்யாமல், பொதியை ஏஎம்டி64 என்னும் 64 பிட் இன்டெல் வகைக்கு மட்டும் என்று வரையறுத்துவிட்டு நகர்பவர்கள், ஆர்ம் பயனரையும் கைவிடுகிறார்கள், தங்கள் பயனரின் அரைப் படத்தையும் கவனிக்காமல் விடுகிறார்கள்.

மொழிக்கும் நாட்டுக்கும் ஏற்ப எண், தேதி முதலியவற்றின் வடிவைத் தீர்மானிக்கும் வட்டார அமைப்பும் இப்படி மறைந்திருக்கும் ஒன்று. ஃபிக் கோப்பில் ஒவ்வொரு கோட்டின் விவரத்திலும் ‘0.000’ என்பது போல ஒரு தசம எண் உண்டு. ஜெர்மன் வட்டார அமைப்பில் தசமக் குறி காற்புள்ளி என்பதால், கவனமின்றி எழுதிய நிரல் புள்ளி வரையில் வாசித்துத் தடுக்கிவிடும். அதற்குப் பின்னால் வரும் அம்புத்தலையும் புள்ளிகளின் எண்ணிக்கையும் இடம் மாறிப் படம் சிதையும். அதே நிரல் கோப்பைச் சேமித்தால், வேறு யாராலும் திறக்க முடியாத கோப்பு ஒன்று உருவாகும். தமிழ் வட்டார அமைப்பில் தசமக் குறி புள்ளிதான், ஆங்கிலத்திலும் அப்படியே. ஆகவே நம்மவர்கள் எவ்வளவு சோதித்தாலும் இது கண்ணில் படாது. எண்களை உரையாக எழுதும் எந்தப் பழைய நிரலையும் ஜெர்மன் அமைப்பில் ஒருமுறை ஓட்டி, திறந்து, சேமித்து, மறுபடி திறந்து பார்க்காமல் நான் பதிவேற்றுவதில்லை.

நூலகங்களைப் பொறுத்தவரை, புதிய நூலகத்தோடு பொருந்தவில்லை என்பதற்காகப் பழைய நூலகத்தின் நகலை நிரலுக்குள்ளேயே வைத்துக் கட்டுவது பெரும்பிழை. பிஎன்ஜி படங்களைக் கையாளும் லிப்பிஎன்ஜி நூலகம் 2011-இல் தன் உள்கட்டமைப்பை மறைத்தபோது, அதை நேரடியாகத் தொட்டுப் பழகிய நிரல்கள் எல்லாம் நின்றன. உரிய சார்புகளின் வழியாகக் கேட்கும்படி மாற்றுவது பெரும்பாலும் ஒரு மாலைப்பொழுது வேலைதான். நகலை உள்ளே வைத்தாலோ, லிப்பிஎன்ஜியில் ஓட்டை வெளிப்படும் ஒவ்வொரு முறையும் டெபியனின் பாதுகாப்புக் குழு உங்கள் பொதியையும் தேடிப்பிடித்துத் திருத்த வேண்டியிருக்கும்.

உரிமத்தை மேலோட்டமாகப் பார்ப்பது பழைய வரைகலை மென்பொருளில் குறிப்பாக ஆபத்தானது. 1990-களில் யுனிக்ஸ் பயனர்கள் பெரிதும் விரும்பிய எக்ஸ்வி என்னும் படம் பார்க்கும் நிரலின் மூலநிரல் எல்லோருக்கும் கிடைத்தது. ஆனால் வணிகப் பயன்பாட்டுக்குப் பணம் கேட்டது. டெபியன் 1997-இல் வகுத்த கட்டற்ற மென்பொருள் நெறிகள் பயன்பாட்டுத் துறையைக் காட்டி வேறுபாடு செய்வதை ஏற்பதில்லை என்பதால், அத்தகைய நிரலுக்கு முதன்மைக் களஞ்சியத்தில் இடமில்லை. நிரலின் உரிமம் சரியாக இருந்தாலும், கூடவே வரும் மாதிரிப் படங்கள், எழுத்துருக்கள், படத்துணுக்குகள் ஆகியவற்றின் உரிமம் தனியானது. 1970-களிலிருந்து படச் சோதனைக்குப் புழங்கிவந்த லேனா படம், 1972 நவம்பரில் பிளேபாய் இதழில் வெளியான புகைப்படத்திலிருந்து வெட்டப்பட்டது. அதை மூலத்திலிருந்து நீக்கி, பதிப்பு எண்ணோடு, அந்தக் கட்டற்ற மென்பொருள் நெறிகளைக் குறிக்கும் ‘+டிஎஃப்எஸ்ஜி’ என்று சேர்ப்பதே முறை. பொதியில் மட்டும் நீக்கிவிட்டு மூலநிரல் அடங்கிய மூலக் கட்டில் விட்டுவைத்தால், டெபியன் அதை விநியோகித்துக்கொண்டுதான் இருக்கும்.

மூலக் கட்டைப் பற்றியே இன்னொன்று சொல்ல வேண்டும். மூல ஆசிரியரின் தளம் மறைந்துபோன நிலையில், தன் திருத்தங்களை எல்லாம் கலந்து ஒரு கட்டாகக் கட்டி, அதையே மூலம் என்று பெயரிட்டு ஏற்றுவது நடக்கிறது. அதன்பின் எது ஆசிரியர் எழுதியது, எது பொதியாக்குபவர் எழுதியது என்று யாராலும் பிரித்தறிய முடியாது. மூலத்தைத் தொடாமல், ஒரு சிக்கலுக்கு ஒரு பேட்ச் (மாற்றங்களை மட்டும் கொண்ட திருத்தக் கோப்பு) என்று பிரித்து, ஏன் செய்தோம், யாருக்கு அனுப்பினோம் என்பதைத் தலைப்பில் எழுதி வைத்தால், பத்து ஆண்டு கழித்துப் பொறுப்பேற்பவர் நன்றியோடு வாசிப்பார். நிரலின் உள்தள்ளலை அழகுபடுத்துவதையும், சாளரங்களையும் பட்டிகளையும் வரையும் கருவித்தொகுப்பான ஜிடிகே 2-ஐ நீக்கி ஜிடிகே 3-க்கு மாற்றுவதையும் ஒரே பேட்சில் போடுவது அவருக்குச் செய்யும் அநீதி. உண்மையில், கருவித்தொகுப்பை மாற்றுவது பொதியாக்குபவரின் வேலையே அன்று; படத் திருத்தியான ஜிம்பின் குழுவுக்கே ஜிடிகே 3-க்கு மாறிய 3.0 பதிப்பை வெளியிட 2025 மார்ச் வரை ஆயிற்று.

எழுத்துருக்களை மறப்பது சிறிய தவறு. ஆனால் பயனர் முதலில் காண்பது அதைத்தான். பழைய நிரல்கள் திரையில் வரைந்து தரும் எக்ஸ் சேவையகத்திடம் உள்ள புள்ளிவடிவ எழுத்துருக்களைப் பெயர் சொல்லிக் கேட்கும். 75, 100 டிபிஐ எழுத்துருப் பொதிகளைப் பரிந்துரையாகச் சேர்க்காவிட்டால், பட்டிகள் சிதைந்தோ நிரல் தொடங்காமலோ போகும். இந்த வழியில் தமிழ் எழுத்துகள் சரியாகக் கோக்கப்படா என்பதால் தமிழில் பெயர் எழுதிய படங்களுக்கு இவை உதவா. அதைப் பொதியின் விளக்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

சோதனை என்ற பெயரில் நிரல் தன் பதிப்பு எண்ணைச் சொல்கிறதா என்று மட்டும் பார்ப்பவர்கள் பலர். பழைய பதிப்புகளில் வரைந்த நாலைந்து கோப்புகளை, உரிமம் அனுமதித்தால், டெபியனின் தானியங்கிச் சோதனை முறையான ஆட்டோபிகேஜிடெஸ்ட்டில் வைத்து ஒவ்வொரு முறையும் மாற்றிப் பார்ப்பதே பயனுள்ள சோதனை. வெளியீட்டை முன்பு எடுத்துவைத்த வெளியீட்டோடு பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டால், கோப்பில் பதிவாகும் உருவாக்கிய நேரத்தால் தினமும் தோல்வி வரும். இரண்டையும் புள்ளிப் படமாக்கி ஒப்பிட வேண்டும்.

கடைசியாக, கைவிட வேண்டியதைக் கைவிடத் தயங்குவது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 சனவரி 1-உடன் முடிந்தது. டெபியன் 12-இல் அது இல்லை. அதைச் சார்ந்திருந்த வரைகலை நிரல்களில் மாற்றி எழுத ஆளில்லாதவை களஞ்சியத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. நீக்கக் கோருவதில் இழுக்கில்லை. கோரும் முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: இன்னும் அந்த நிரல் இருக்கும் நிலைப்பதிப்பிலேயே, அதன் கோப்புகளை எஸ்விஜி-க்கோ பிடிஎஃப்-க்கோ மாற்றும் கட்டளையைச் செய்திக் குறிப்பில் எழுதி, கடைசிப் புதுப்பிப்போடு பயனருக்குச் சேர்ப்பிக்க வேண்டும். நிரலை நீக்கிய பிறகு எழுதினால் அந்தக் குறிப்பைச் சுமந்து செல்லப் பொதி இருக்காது.