கால் மெஷினை எத்தனை மணிக்குப் போடுவது? முதன்முதலாகப் பாவிப்பவர்களுக்கு

லண்டனில் இருந்து வந்த மாமி அம்மாவுக்கு ஒரு கால் மெஷின் கொண்டுவந்து கொடுத்தார். கெண்டைக்காலில் இரண்டு ஜெல் பாட் ஒட்டி பட்டனை அமத்தினால் சதை தானாகத் துடிக்கும். முதல் நாள் இரவு ஏழரைக்கு 12ஆம் இலக்கத்தில் வைத்தார், சுகமாக இருந்ததாம். அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு, படுக்கையால் எழும்பின கையோடு அதே 12இல் வைத்தார். கால் இழுத்துப் பிடித்துவிட்டது. “மெஷின் பழுதாப் போச்சு பிள்ளை” என்றார். மெஷினில் ஒரு பழுதும் இல்லை. இரவு இருந்த கால் விடிய இருக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் உடம்புச் சூடு விடியப்புறம் 4, 5 மணியளவில் ஆகக் குறைந்து, பின்னேரம் ஆகக் கூடும். வித்தியாசம் பெரும்பாலும் ஒரு பாகை செல்சியஸுக்கு மேல் போகாது. ஆனால் சதை அதற்கேற்பத்தான் இளகும், இறுகும். கொழும்பு மாதிரி வெக்கையும் ஈரமும் உள்ள ஊர்களில் காலை மாலை வித்தியாசம் சற்றுக் குறைவு. பிரஷர் வேறு கதை. நித்திரையில் 10 முதல் 20 வீதம் வரை இறங்கி, எழும்பும் நேரம் ஏறும். மாரடைப்பு காலை 6 மணிக்கும் மதியத்துக்கும் இடையில் கூடுதலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கால்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. படுத்திருந்தவர் எழும்பி நின்றால் அரை லீற்றருக்கு மேல் இரத்தம் உடம்பின் கீழ்ப்பக்கம் இறங்கும். அதை மேலே தள்ளுவது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது சதை சுருங்கி நாளத்தைப் பிழியும், உள்ளே இருக்கும் வால்வுகள் இரத்தம் திரும்பி இறங்காமல் தடுக்கும். புறக்கோட்டையில் துணிக்கடையில் காலை முதல் இருட்டும் வரை நிற்பவருக்கு அந்தப் பம்ப் வேலை செய்வதில்லை. நடக்காமல் நிற்கிறாரே. பின்னேரம் செருப்பு வார் பதிந்த தடம் காலில் தெரியும். மெஷின் செய்வது, நடக்காத காலை நடப்பது போல் சுருங்க வைப்பது மட்டும்தான்.

தொடங்க முன்

இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, நொந்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். மெஷின் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சு நோ, மூச்சு முட்டல் என்றால் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். சீனி வருத்தத்தால் கால் விறைத்தவர்களுக்குக் கரண்ட் கூடினாலும் தெரியாது, அவர்களும் கேட்டுவிட்டுத்தான்.

கனடாவில் இருந்து வந்த மெஷின் என்றால் அடப்டரைத் திருப்பிப் பாருங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. இரண்டும் தாங்கும் என்று அதில் எழுதியிருக்காவிட்டால் பிளக்கில் குத்த வேண்டாம். ‘டென்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது நோவுக்கான மெஷின், நரம்பைத்தான் தொடும். சதை சுருங்க ‘ஈ.எம்.எஸ்’ வேண்டும். சிலதில் இரண்டும் இருக்கும்.

1. ஒரு கிழமை அளந்து பாருங்கள்

மெஷினைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, தையல்காரர் பாவிக்கும் அளவு நாடா ஒன்றை எடுங்கள். கணுக்கால் எலும்புக்கு நாலு விரல் மேலே பேனையால் புள்ளி வையுங்கள். எழும்பியவுடன் ஒரு அளவு, வேலையால் வந்தவுடன் ஒரு அளவு. கொப்பியில் நேரத்தோடு எழுதுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் உங்கள் கால் எந்த நேரம் பாரமாகிறது என்று ஊரில் வேறு யாராலும் சொல்ல முடியாது.

2. நேரத்தைத் தெரிவு செய்யுங்கள்

சதை நன்றாக இளகியிருக்கும் பின்னேரம் ஐந்து, ஐந்தரைக்கு எங்களில் பாதிப்பேர் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நிற்போம். அதனால் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட முந்திய நேரம்தான் சரி. ஏழு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டால் இரத்தம் வயிற்றுப் பக்கம் கூடப் போகும், ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். படுக்கப் போகும் கடைசி நேரத்தில் போட்டால் சிலருக்கு நித்திரை குழம்பும்.

இரவு வேலைக்காரர்கள் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம், வேலை முடிந்து வருவதுதான் அவர்களின் பின்னேரம். காலையில்தான் முடியும் என்பவர்கள் பிளேன் டீ குடித்து, பிரஷர் குளிசை இருந்தால் போட்டு, வீட்டுக்குள் பத்து நிமிடம் நடந்துவிட்டு உட்காருங்கள்.

3. தோலைக் காய விடுங்கள்

இங்கே எல்லோரும் தவறும் இடம் இது. குளித்துத் துவாயால் துடைத்தாலும் கொழும்பு வெக்கையில் ஐந்து நிமிடத்தில் மறுபடி வேர்க்கும். வேர்வையில் பாட் ஒரு பக்கம் கழரும், மிச்சம் ஒட்டியிருக்கும் துண்டில் கரண்ட் குவிந்து சுள்ளென்று குத்தும். ஃபானுக்குக் கீழே கால் மணித்தியாலம் இருங்கள். தேங்காயெண்ணெய், சித்தாலேப களிம்பு பூசிய காலில் பாட் ஒட்டாது, பூச்செல்லாம் பிறகு.

4. ஒட்டிப் போடுங்கள்

ஒரு பாட் கெண்டைக்காலின் தடித்த மேல்பகுதியில், மற்றது சதை முடிந்து தசைநாணாக ஒடுங்கும் இடத்துக்குச் சற்று மேலே. புண், வெடிப்பு, முறுக்கிய நாளம் உள்ள இடத்தில் வேண்டாம். கதிரையில் இருந்து பாதத்தை நிலத்தில் ஊன்றுங்கள். காலை நீட்டிக்கொண்டு போட்டால்தான் இழுத்துப் பிடிக்கும்.

ஒவ்வொரு தடவையும் பூச்சியத்தில் இருந்து ஏற்றுங்கள். முதலில் சில்லென்று ஊரும், பிறகு சதை கண்ணுக்குத் தெரியத் துடிக்கும். துடித்து, நோகாமல் இருக்கும் இடம்தான் உங்கள் அளவு. நேற்றைய இலக்கத்தை மறந்துவிடுங்கள். சதையின் சூடு, தோலின் ஈரம், பாட்டின் பழசு எல்லாம் நாளுக்கு நாள் மாறும், மெஷினில் தெரியும் எண்ணுக்கு அது தெரியாது. முதல் கிழமை பத்து நிமிடம், பிறகு இருபது.

முடிந்ததும் தோலைப் பாருங்கள். இலேசான சிவப்பு அரை மணித்தியாலத்தில் போய்விடும். போகாவிட்டால் அடுத்த நாள் விடுமுறை.

5. கொப்பியைத் திரும்பப் பாருங்கள்

இரண்டு கிழமை போட்ட பிறகு பின்னேர அளவையும் அடுத்த நாள் காலை அளவையும் முதல் கிழமைக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். அம்மாவின் கொப்பியில் முதலில் கண்ணில் பட்டது மெஷின் இல்லை, போயா தினம். அன்றைக்கு அம்மா வேலை செய்யும் கடை பூட்டு. பின்னேரம் காலிமுகத்திடலில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தோம். வந்து அளந்தால் காலையில் எடுத்த அளவேதான் இருந்தது, அன்று மெஷின் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.