மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி: நடக்கும் தவறுகள்

காமாலை என்றதும் நம் ஊரில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். அரைத்து மோரில் கலந்து குடிக்கிறோம், சில வாரங்களில் கண் வெளுக்கிறது, செடிக்குப் பேர் வந்துவிடுகிறது. காமாலைக்குக் காரணமான ஹெபடைட்டிஸ் (வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி) வகைகளில் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலோருக்குத் தானாகவே ஆறுபவை என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பி, சி உடம்பிலேயே தங்கிவிடவும் கூடும். அப்படித் தங்கிவிட்டால் பல வருடம் சத்தமில்லாமல் கல்லீரலைக் கெடுக்கும். எந்த வைரஸ் என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்காமல் வைத்தியத்தைத் தொடங்குவதுதான் இதில் பெரிய தவறு. கண் மஞ்சள் போனதால் பி வைரஸும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். கர்ப்பிணிக்கு ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"கீழாநெல்லி ஆராய்ச்சியில் நிரூபணமானதாச்சே?" என்பார்கள். 1988-இல் சென்னை ஆய்வு ஒன்று லான்செட் மருத்துவ இதழில் வந்தது உண்மை. செடிப்பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் பி வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. ஆனால் பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. முதல் பாதியை மட்டும் சொல்லித்தான் இன்றைக்கும் மாத்திரை விற்கிறார்கள்.

சரி, உணவுதானே, என்ன கெடுதல் என்று நினைப்பது அடுத்தது. குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற சத்தைச் செறிவாக்கி, உடம்பில் நன்றாகச் சேர மிளகுச் சத்தும் கலந்த கேப்ஸ்யூல் வேறு. அந்தக் கேப்ஸ்யூலாலேயே சிலருக்குக் கல்லீரல் வீங்கியிருக்கிறது. கிரீன் டீ சாறு மாத்திரையும், கொரோனா காலத்தில் பலர் விழுங்கிய சீந்திலும் இதே கதைதான். கல்லீரலுக்கென்று விற்கும் சிலிமரின் (மில்க் திஸில் என்ற செடியின் சாறு) அவ்வளவு மோசமில்லை. ஆனால் ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளிடம் அதிக அளவில் கொடுத்துப் பார்த்த 2012 சோதனையில், வெற்று மாத்திரையைவிட அது ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை.

இதையெல்லாம் நம்பி ஹெபடைட்டிஸ் பி-க்கு டாக்டர் கொடுத்த டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடங்கியிருந்த பி வைரஸ் திடீரென்று கிளம்பி, கல்லீரலே செயலிழக்கலாம். சி-க்கோ பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே குணம் கிடைக்கிறது. அரசுத் திட்டத்தில் இலவசம். அப்புறம், வேறு என்ன சூரணம், கேப்ஸ்யூல் எடுக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள், டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உப்பில்லாப் பத்தியமும் சாதாரணக் காமாலைக்குத் தேவையில்லை. காபி பிடிக்குமென்றால் குடிக்கலாம். காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.