இலை எக்ஸ்ட்ராக்ட்டை கேன்சர் செல்லுல டெஸ்ட் பண்றது எப்படி? நெல்லிக்காய் எனக்குச் சொல்லிக்குடுத்தது

எம்.எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு ஏதோ ஒரு செடியை எடுத்து எம்டிடி (எத்தனை செல் உயிரோட இருக்குன்னு நிறத்தை வச்சு அளக்கற டெஸ்ட்) பண்ணப் போற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதறேன்.

முதல்ல செடி சரியான செடிதானான்னு உறுதி பண்ணுங்க. கீழாநெல்லின்னு நாட்டு மருந்துக் கடையில வாங்கினா அதே ஃபில்லாந்தஸ் குடும்பத்துச் செடி வேற ரெண்டு கலந்து வர்றது சகஜம், அதனால பூவோட காயோட ஒரு செடியைப் பறிச்சு கோயம்புத்தூர்ல இருக்கற பொட்டானிக்கல் சர்வே ஆபீஸ்ல காட்டி அடையாளம் வாங்கிடுங்க. இலையை நிழல்ல காயவச்சு பொடி பண்ணி, 10 கிராமுக்கு 100 மில்லி மெத்தனால் ஊத்தி மூணு நாள் ஊறவச்சு, வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டர்ல (கரைப்பானை ஆவியாக்கி எடுக்கற கருவி) 40 டிகிரில வத்த வைங்க. மெத்தனால் தங்கிட்டா அதுவே செல்லைப் பாதிக்கலாம், அதனால நல்லா காயணும்.

காஞ்ச எக்ஸ்ட்ராக்ட்டை டிஎம்எஸ்ஓ-ங்கற கரைப்பான்ல 100 மில்லிகிராம்/மில்லின்னு கரைச்சு ஸ்டாக்கா வச்சுக்கோங்க. அதை மீடியால (செல் வளர்ற ஊட்டத் திரவம்) 500 மடங்கு கலந்தா 200 மைக்ரோகிராம்/மில்லி, டிஎம்எஸ்ஓ வெறும் 0.2 சதவீதம்தான். கம்மி டோஸ் வெல்லுலயும் (வெல்னா பிளேட்ல இருக்கற சின்னக் குழி) அதே 0.2 இருக்கற மாதிரி பாத்துக்கோங்க, எக்ஸ்ட்ராக்ட் இல்லாம டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட கண்ட்ரோலும் வேணும், டாக்ஸோரூபிசின் மாதிரி தெரிஞ்ச கேன்சர் மருந்தும் ஒரு வரிசை வேணும்.

96 வெல் பிளேட்ல ஓரத்து 36 வெல்லுல செல் போடாதீங்க, மீடியா ஆவியாகி ரீடிங் கெட்டுப்போகும், அங்க பிபிஎஸ் (செல்லுக்கு ஒத்துப்போற உப்புக் கரைசல்) ஊத்திடுங்க. உள்ள வெல்லுக்கு 5,000 செல், ஒரு ராத்திரி ஒட்ட விட்டு, மறுநாள் எக்ஸ்ட்ராக்ட், 48 மணி நேரம்.

இப்பதான் முக்கியமான இடம். எம்டிடி மஞ்சப் பொடி, உயிரோட இருக்கற செல்லு அதை நாவல்பழக் கறை மாதிரி ஊதாவா மாத்தும், அந்த ஊதாவை 570 நானோமீட்டர்ல அளக்கறோம். ஆனா செல்லே இல்லாம செடியில இருக்கற பாலிஃபீனாலும் வைட்டமின் சி-யும் அதே வேலையைச் செஞ்சுரும்! என் முதல் பிளேட்ல நெல்லிக்காய் எக்ஸ்ட்ராக்ட் போட்டேன், டோஸ் கூடக்கூட 130 சதவீதம் உயிரோட இருக்குன்னு வந்துச்சு, ரெண்டு நாள் அதை வச்சு மண்டையை உடைச்சிட்டு, அப்புறம்தான் மைக்ராஸ்கோப்ல பாத்தேன், செல்லெல்லாம் உருண்டு மிதந்துக்கிட்டிருந்துச்சு. அதனால எம்டிடி போடறதுக்கு முன்னாடி எக்ஸ்ட்ராக்ட் மீடியாவை எடுத்துட்டு பிபிஎஸ்ல மெதுவா ஒருதடவை கழுவி புது மீடியால எம்டிடி போடுங்க, நாலு மணி நேரம் கழிச்சு படிஞ்ச ஊதாவை டிஎம்எஸ்ஓ-ல கரைங்க. செல் இல்லாம எக்ஸ்ட்ராக்ட்டும் எம்டிடியும் மட்டும் இருக்கற வெல் ஒவ்வொரு டோஸுக்கும் கட்டாயம். தினம் மைக்ராஸ்கோப்ல ஒரு பார்வை பாருங்க, எக்ஸ்ட்ராக்ட் மீடியால கரையாம துகளா நின்னுச்சுன்னாலும் அதுலதான் தெரியும்.

ஐசி50 (உயிரோட இருக்கற செல்லைப் பாதியாக்கற டோஸ்) வந்தவுடனே குதிக்காதீங்க. க்ரூட் (இன்னும் பிரிக்காத) எக்ஸ்ட்ராக்ட்டுக்கு 30 மைக்ரோகிராம்/மில்லிக்குள்ள வந்தாதான் மேல போகலாம்னு அமெரிக்க தேசிய புற்றுநோய் நிறுவனத்தோட அளவுகோல் ஒண்ணு உண்டு, 400 வந்துச்சுன்னா அது பெரிசா ஒண்ணும் இல்ல. ஹீலாவோட (கர்ப்பப்பைவாய் கேன்சர் செல்) கூடவே வீரோ (குரங்குச் சிறுநீரகச் செல்) மாதிரி கேன்சர் இல்லாத செல்லுலயும் போட்டு, அதோட ஐசி50-யை கேன்சர் செல் ஐசி50-யால வகுத்துப் பாருங்க, ஒண்ணுக்குப் பக்கத்துல வந்தா அது எல்லா செல்லையும் கொல்ற விஷம்தான்.

நித்தியகல்யாணியை கனடால சர்க்கரை வியாதிக்குன்னுதான் டெஸ்ட் பண்ணாங்க, எலிக்கு வெள்ளை அணு குறையறதைக் கவனிச்சு, அதுல எந்தப் பொருள்னு பிரிச்சு எடுத்துதான் 1958-ல வின்பிளாஸ்டின்ங்கற கேன்சர் மருந்து வந்துச்சு. அதனால வேலை செய்யற எக்ஸ்ட்ராக்ட் கிடைச்சா அடுத்து க்ரோமட்டோகிராபி காலம்ல (பொருள்களைத் தனித்தனியாப் பிரிக்கற குழாய்) பிரிச்சு ஒவ்வொரு பகுதியையும் இதே பிளேட்ல ஓட்டணும். அதுக்கு மிச்ச எக்ஸ்ட்ராக்ட் வேணும், அதனால பறிச்ச தேதியும் இடமும் எழுதி மைனஸ் 20-ல சின்னச் சின்ன குப்பியா பிரிச்சு வச்சிருங்க, ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைக்க வேணாம்.