கல்லாவுக்கு எத்தனை சாவி? குடும்பத் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராத்திரி எட்டரை மணி, கடை அடைக்கும் நேரம். பெரியப்பா கல்லாவை எண்ணிக்கொண்டிருப்பார். சித்தப்பா வந்து நிற்பார். “அண்ணே, ஒரு ரெண்டாயிரம் எடுத்துக்கிறேன்.” “எடுத்துக்கோப்பா.” இந்த இரண்டு வரிக்கு மேல் பேச்சு நீண்டதே இல்லை. எதற்கு என்று கேட்டால் மரியாதைக் குறைவு. எழுதி வைத்தால் அதைவிடக் குறைவு. எங்கள் வீட்டுப் பாத்திரக்கடை முப்பது வருஷம் இப்படித்தான் ஓடியது. கடை பிரிந்த அன்று மூன்று வீட்டிலும் மூன்று கணக்கு இருந்தது, மூன்றுமே மனக்கணக்கு. தான் எடுத்தது யாருக்கும் ஞாபகமில்லை. அடுத்தவர் எடுத்தது மட்டும் தேதி வாரியாக ஞாபகம் இருந்தது.

பிறகு நான் கணக்கு எழுதும் வேலைக்கே போய்விட்டேன். ஜவுளிக்கடை, அரிசி மண்டி, லாரி ஆபீஸ், மருந்து மொத்த வியாபாரம் என்று பல குடும்பங்களின் பேரேடுகளைப் புரட்டியிருக்கிறேன். வியாபாரம் படுத்து உடைந்த கடைகள் அதில் குறைவுதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உடைந்தவைதான் அதிகம். காரணத்தைத் தேடினால் எல்லாமே “பங்கு” என்கிற ஒரே சொல்லில் போய் முட்டும். கடை யாருக்குச் சொந்தம், கடையில் யாருக்கு என்ன வேலை, கடையிலிருந்து யாருக்கு எவ்வளவு பணம் என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். நம் வீடுகளில் மூன்றுக்கும் சேர்த்து “எல்லாருக்கும் சமபங்கு” என்று ஒரே பதில் சொல்லி முடித்துவிடுகிறோம். காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்குகிற தம்பிக்கும் பதினொரு மணிக்கு வந்து பேப்பர் படிக்கிற அண்ணனுக்கும் அதே சமபங்கு.

சம்பளம் வாங்க வெட்கப்படுவது

“சொந்தக் கடையில் சம்பளமா? நான் என்ன வேலைக்காரனா?” என்று கேட்காத முதலாளி வீட்டுப் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் சம்பளம் இல்லாத கடையில்தான் கல்லாவில் கை போகும். பள்ளிக்கூட ஃபீஸ், மாமனார் வீட்டு விசேஷம், வண்டிக்கு டியூ எல்லாம் அதிலிருந்தே. மாதக் கடைசியில் லாபம் எவ்வளவு என்று கேட்டால் மிச்சம் இருப்பதைக் காட்டுவார்கள். அது லாபம் இல்லை, யாரும் இன்னும் எடுக்காத பணம்.

வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் அந்த வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்தால் என்ன கொடுப்போமோ அதைச் சம்பளமாகக் கொடுங்கள், வங்கிக் கணக்கு வழியாக. கொள்முதல் பார்க்கிறவருக்கு ஒரு சம்பளம், பில் போடுகிறவருக்கு வேறு சம்பளம். வருஷக் கடைசியில் மிஞ்சுகிற லாபத்தை மட்டும் பங்கு விகிதப்படி பிரியுங்கள். வேலைக்கு வராத அண்ணனுக்கு லாபப் பங்கு உண்டு, சம்பளம் கிடையாது. முதல் மாதம் வீட்டில் யாராவது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆறாவது மாதம் பழகிவிடும்.

பார்ட்னர்ஷிப் கடையாக இருந்தால் சம்பளத்தைப் பற்றி ஒப்பந்தப் பத்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் கொடுத்த சம்பளத்தை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. எழுதியிருந்தாலும் உழைக்கிற பங்காளிக்கு (பார்ட்னருக்கு) மட்டும்தான், அதற்கும் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. போட்ட முதலுக்கு வட்டி கொடுத்தால் 12 சதவீதம் வரைதான் செலவாக ஏற்பார்கள். 2025 ஏப்ரலிலிருந்து பங்காளிக்குப் போகும் சம்பளமும் வட்டியும் வருஷத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் கடையே 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டும். லாபப் பங்குக்கு இது கிடையாது. ஆக, எது சம்பளம், எது லாபம் என்று பிரித்து எழுதாமல் இனிமேல் தப்பிக்கவே வழியில்லை.

கல்லாவைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, சிசி கணக்கு. கேஷ் கிரெடிட், அதாவது ஒரு லிமிட் வரை எடுத்துக்கொள்ள வங்கி தரும் கடன். வங்கி அந்தப் பணத்தைக் கொடுப்பது சரக்கு வாங்கி விற்கிற சுழற்சிக்கு. அதை எடுத்துக் கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதும், மாடி எழுப்புவதும், ஊர் எல்லையில் மனை வாங்கிப் போடுவதும் நடக்கிறது. மனை விலை ஏறத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தீபாவளிச் சரக்குக்குப் பணம் கட்டவேண்டிய வாரத்தில் மனையைக் கிழித்து சப்ளையருக்குக் கொடுக்க முடியாது. அப்போது வெளிவட்டிக்குப் போவார்கள். லிமிட் முழுக்க எடுத்து, வட்டியைக்கூட அடுத்த கடனில் கட்டுகிற நிலைக்கு வந்த ஒரு மொத்தக் கடையின் விற்பனை, அந்த வருஷம் முந்தைய வருஷத்தைவிடக் கூடியிருந்தது. விற்பனை கூடியும் கடை மூச்சுத் திணறினால் சுழல்முதல் எங்கேயோ செங்கல்லாகி நிற்கிறது என்று அர்த்தம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: கடைக் கடனுக்கு அம்மா பெயரில் இருக்கும் வீட்டை அடமானமாக வைப்பது, கடைக்கே வராத தம்பியை ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போடவைப்பது. கடன் நின்றால் வங்கி முதலில் அண்ணனைக் கேட்டுவிட்டுத்தான் தம்பியிடம் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. கையெழுத்துப் போடுகிறவருக்கு இதைப் புரியும்படி சொல்லுங்கள். “சும்மா ஒரு ஃபார்மாலிட்டி” என்று சொல்லி வாங்கிய கையெழுத்துகளால் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் நிறைய.

பையன் நேராக நாற்காலியில் உட்காருவது

காலேஜ் முடித்த மறுவாரம் பையன் கல்லாவில் உட்காருகிறான். இருபது வருஷம் வேலை பார்த்த கணக்குப்பிள்ளை எழுந்து நின்று “வாங்க சின்ன முதலாளி” என்கிறார். அந்தப் பையனுக்கு அதற்குப் பிறகு யாரும் எதையும் சொல்லித்தர மாட்டார்கள்.

இந்த விஷயத்தில் செட்டிநாட்டு நகரத்தார் பழக்கத்தைப் பார்த்து எனக்கு எப்போதும் பொறாமை. பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவிக் கடைகள் நடத்திய காலத்தில் பையன் முதலில் பெட்டியடிப் பையனாகப் போவான். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்து, மனக்கணக்கு கற்று, பிறகு அடுத்தாளாகி, அதற்கும் பிறகுதான் கடையை நடத்தும் ஏஜெண்டு. வசதியான வீட்டுப் பிள்ளையும் இன்னொருவர் கடையில் இந்தப் படியெல்லாம் ஏறியிருக்கிறான். அடுத்தவர் பணத்தில் தப்புச் செய்தால் கேட்க ஆள் உண்டு, சொந்தக் கடையில் செய்தால் அப்பா மறைத்துவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றைக்கும் செய்யலாம். இரண்டு வருஷமாவது வெளியே வேலைக்கு அனுப்புங்கள். திரும்பி வரும்போது ஒரு துறையை மட்டும் கொடுங்கள்: பாக்கி வசூல். வசூலுக்குப் போகிறவனுக்குத்தான் எந்தப் பார்ட்டி நாணயமானவர், எந்தச் சரக்கு தேங்கும், அப்பா எங்கே தாட்சண்யத்துக்காகக் கடன் கொடுத்திருக்கிறார் என்பதெல்லாம் தெரியவரும்.

இதன் மறுபக்கம் அப்பாக்கள். எழுபது வயதிலும் செக் புத்தகம் அவர் அலமாரியில்தான் இருக்கும். பையன் ஒரு சப்ளையரிடம் ஒத்துக்கொண்ட விலையை அப்பா போன் போட்டு மாற்றுவார். கடைப் பையன்கள் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்: லீவுக்குப் பெரிய முதலாளி, முன்பணத்துக்குச் சின்ன முதலாளி. எவ்வளவு தொகை வரை பையன் முடிவு, அதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு எண்ணைச் சொல்லிவிடுங்கள். முதல் வருஷம் ஐம்பதாயிரம், அடுத்த வருஷம் இரண்டு லட்சம். அந்த எல்லைக்குள் அவன் நஷ்டப்பட்டாலும் கடைப் பையன்கள் முன்னால் அப்பா வாய் திறக்கக் கூடாது. சொல்வது சுலபம், என் அப்பாவால் கடைசிவரை முடியவில்லை.

பெண்களைக் கணக்கில் விடுவது

“அவளுக்குத்தான் கல்யாணத்தில் செஞ்சாச்சே” என்ற வாக்கியத்தைச் சட்டம் ஏற்பதில்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்தது, அன்றைக்குக் கல்யாணமாகாத மகள்களுக்கு. 2005இல் மத்திய அரசு அந்த வரம்பில்லாமல் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும் 2020இல் உச்ச நீதிமன்றம் ‘தேவையில்லை’ என்று தீர்த்துவிட்டது. அப்பாவின் சுய சம்பாத்தியமாக இருந்தாலும் உயில் இல்லாமல் அவர் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய அம்மா எல்லாருக்கும் சமமான பங்கு. இது இந்து வாரிசுரிமைச் சட்டம். கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்கு விதிகள் வேறு.

அந்தப் பட்டியலின் கடைசிப் பெயரைக் கவனியுங்கள், அவருடைய அம்மா. கடைக்காரர் ஐம்பத்தைந்து வயதில் திடீரென்று போய்விட்டார், எண்பது வயது அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் சொத்தில் அம்மாவுக்கும் ஒரு பங்கு போகிறது. அம்மாவும் உயில் எழுதாமல் காலமானால் அந்தப் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் பிரியும். பத்து வருஷம் முன்னால் பாகம் பிரித்து, முறைத்துக்கொண்டு போன சித்தப்பாவும் அத்தையும் உங்கள் கடைக்குள் மறுபடி சட்டப்படி நுழைவார்கள். ஒரு பக்க உயில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. உயிலைப் பதிவு செய்வதுகூடக் கட்டாயமில்லை; இரண்டு சாட்சிகள்தான் கட்டாயம்.

காரியம் முடிந்த பதினாறாம் நாளே தங்கையிடம், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் அவசரமும் வேண்டாம். அழுத கண்ணோடு போட்ட கையெழுத்துகள் பல பின்னால் கோர்ட்டுக்கு வந்திருக்கின்றன. அவர் பங்குக்கு ஒரு மதிப்புப் போட்டு, தவணையிலாவது கொடுத்து எழுதி வாங்குவது மலிவு.

இது சின்னக் கடைகளின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். கட்டுக்கோப்புக்குப் பெயர்போன முருகப்பா குழுமத்தில் எம்.வி. முருகப்பன் 2017இல் காலமானபோது அவருக்கு மனைவியும் இரண்டு மகள்களும். மூத்த மகள் வள்ளி அருணாசலம், குடும்பத்தின் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020இல் பங்குதாரர் ஓட்டெடுப்பில் அது தோற்றது. 2023இல்தான் குடும்பத்துக்குள் சமரசம் ஆனது. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. பங்கு கைக்கு வந்த பெண்ணுக்கு நிர்வாகத்தில் இடம் உண்டா, இல்லையென்றால் பங்கை என்ன விலைக்குக் குடும்பம் வாங்கிக்கொள்ளும் என்பதை யாரும் சாவதற்கு முன்னால் பேசி முடிக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

பத்திரத்தைப் பீரோவில் பூட்டி மறப்பது

பல கடைகளின் பார்ட்னர்ஷிப் பத்திரம் தாத்தா காலத்தது. அதில் இருக்கும் மூன்று பெயரில் இரண்டு பேர் சுவரில் மாலையோடு தொங்குகிறார்கள். ஒரு பங்காளி இறந்தால் கடை தொடரும் என்று பத்திரத்தில் எழுதவில்லையென்றால், 1932ஆம் வருஷப் பார்ட்னர்ஷிப் சட்டப்படி அந்தப் பார்ட்னர்ஷிப் அன்றோடு கலைந்துவிடும். இரண்டே பேர் பங்காளிகள் என்றால் எழுதியிருந்தும் பயனில்லை; ஒற்றை ஆளை வைத்துப் பார்ட்னர்ஷிப் கிடையாது. அதனால் மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்து வைப்பது நல்லது. பார்ட்னர்ஷிப்பைப் பதிவாளரிடம் பதிவு செய்யாத கடை, பாக்கி வைத்த பார்ட்டிமேல் வழக்குப் போட முடியாது என்பதும் பலருக்குப் பாக்கி மாட்டிய பிறகுதான் தெரிகிறது. புதிதாகச் சேர்த்த தம்பியின் பெயரும் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும்.

ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும் கடையில் இன்னும் சிக்கல். அவர் இறந்தது தெரிந்ததும் வங்கி கரண்ட் அக்கவுண்டை நிறுத்தும், கொடுத்து வைத்த செக்குகள் திரும்பும். பான் எண் அவரோடு போய்விடுவதால் ஜிஎஸ்டி எண்ணும் புதிதாக எடுக்க வேண்டும். பழைய கணக்கில் கிடக்கும் வரிக் கிரெடிட்டை (சரக்கு வாங்கும்போது கட்டி, இன்னும் கழித்துக்கொள்ளாத ஜிஎஸ்டியை) ஐடிசி-02 படிவம் போட்டுத்தான் மாற்ற முடியும். வாரிசு கடையைத் தொடர்ந்தால் பழைய வரிப் பாக்கியும் அவர் தலையில்தான். “நாமினி போட்டிருக்கேனே” என்பார்கள். வங்கிக் கணக்கில் நாமினி பணத்தை வாங்கி வைத்துக்கொள்கிறவர், சொந்தக்காரர் வாரிசுதான்.

திருபாய் அம்பானி 2002இல் உயில் எழுதாமல் இறந்தார். மூன்றே வருஷத்தில், 2005இல், அம்மா நடுவில் உட்கார்ந்து சாம்ராஜ்யத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டிவந்தது. திருபாயிடம் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை.

பெயரைப் பிரிக்க மறப்பது

பாகப்பிரிவினையில் சரக்கை எண்ணுவோம், கட்டடத்தை அளப்போம், பாக்கியை ஆளுக்குக் கொஞ்சம் எழுதிக்கொள்வோம். கடையின் பெயர் யாருக்கு என்று எழுத மாட்டோம். டிரேட் மார்க் பதிவு செய்திருக்கிறதா, செய்திருந்தால் யார் பெயரில், பத்து வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கப்போவது யார்? வாடிக்கையாளர்கள் இருபது வருஷமாகக் கூப்பிடும் போன் நம்பர் யாருக்கு? வாட்ஸ்ஆப் குழு, கூகுள் மேப்பில் இருக்கும் கடை, கல்லா மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு?

எங்கள் வீட்டில் எழுதவில்லை. பெரியப்பா பையன் பழைய இடத்தில் தாத்தா பெயரோடு இருக்கிறான். சித்தப்பா எதிர் வரிசையில் நாலு கடை தள்ளி அதே பெயருக்கு முன்னால் ‘ஒரிஜினல்’ சேர்த்துத் திறந்தார். இரண்டு கடை வாசலிலும் ஒரே பெயிண்டர் எழுதிய போர்டு தொங்குகிறது: “எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது.”