பிளாஸ்ரிக் தகரமல்ல: எஞ்சின் கவருக்கு வீட்டில் பெயின்ற் அடிக்கும்போது விடும் பிழைகள்

பொனற்றைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எஞ்சினை மூடியிருக்கும் கறுப்பு பிளாஸ்ரிக் கவர்தான். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது; தனியார் கார்கள் மறுபடி வருவதற்கு 2025 பெப்ரவரி ஆயிற்று. அந்த ஐந்து வருடமும் யாழ்ப்பாணத்து விற்ஸ், அக்சியோ, வகன்-ஆர் எல்லாம் உள்ளதை வைத்தே ஓடின. கவர்கள் வெளிறின, வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்புப் பட்டி சாம்பல் பூத்தது. ஒரு ஸ்பிறே ரின் வாங்கி முற்றத்தில் வைத்து அடித்துவிடலாம் என்று பலர் இறங்கினார்கள். நானும் இறங்கினேன்.

அடித்த அன்று என் கவர் கண்ணாடி போல மினுங்கியது. மூன்றாம் கிழமை, ஓரத்தில் நகம் பட்டதும் சின்ன வெங்காயத்தின் சருகு போல ஒரு துண்டு அப்படியே கையோடு வந்தது. சருகின் உட்பக்கம் வழவழப்பாக இருந்தது. அடியில் பழைய பிளாஸ்ரிக், பெயின்ற் பட்ட அடையாளமே இல்லாமல் இருந்தது.

கோண்டாவிலில் ஒரு கராஜில் பெயின்ற் வேலை செய்யும் அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் நிறத்தைப் பார்க்கவேயில்லை. கவரை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தார். “பெயின்ற்றில பிழையில்லைத் தம்பி. தகரமெண்டு நினைச்சு அடிச்சிருக்கிறீர்” என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாப் பிழையும் அடங்கியிருக்கிறது. எங்கள் ஊர்க் கைத்திறன் தகரத்தில் வளர்ந்தது. ஓஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் என்று பழைய கார்களைக் கட்டிக்காத்த ஊர் இது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடையிருந்தபோது அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர். துருவைச் சுரண்டு, பள்ளத்தை நிரப்பப் பட்டி (புட்டி) போடு, பிறைமர் என்னும் அடிப்பூச்சு அடி, பெயின்ற் அடி என்பது அந்தக் கார்களுக்குச் சரி. தகரம் சுரண்டிய இடத்தில் பிறைமரைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்ரிக் எந்த இனம் என்பதைப் பொறுத்தே பிடிக்கும். சில இனம் பிடிக்கவே பிடிக்காது.

ஆகவே முதற் பிழை, பின்பக்கத்தைப் பார்க்காமல் தொடங்குவது. கவரின் உட்புறத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே சில எழுத்துகள் அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். பீ.ஏ.6 அல்லது பீ.ஏ.66, பின்னால் ஜீ.எஃப்.30 என்றிருந்தால் அது நூற்றுக்கு முப்பது பங்கு கண்ணாடி நார் சேர்த்த நைலோன். எஞ்சின் கவர்கள் பல இந்த இனம். ஒழுங்காகத் துப்புரவாக்கிச் சுரண்டினால் பிறைமரைப் பிடிக்கும். பீ.பீ. என்றிருந்தால் பொலிபுறொப்பிலீன். பம்பரும், வெளிப்புறத்துக் கறுப்புப் பட்டிகளும் பெரும்பாலும் இதுவும் ரப்பரும் சேர்ந்த கலவைதான். மெழுகு பூசியது போன்ற இதன் மேற்பரப்பில் சாதாரணப் பிறைமர் ஒட்டாது. ஏ.பீ.எஸ். என்றிருந்தால் பெயின்ற் நன்றாக ஒட்டும், ஆனால் கடும் தின்னர் பட்டால் அது இளகி, பிசுபிசுத்து, பிறகு வெடிப்பு விடும். எழுத்து இல்லாவிட்டால் உட்புற ஓரத்தில் ஒரு சிறு சீவல் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பொலிபுறொப்பிலீன் குடும்பம். தாழ்ந்தால் அது இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கனிமத்தூள் கலந்த பொலிபுறொப்பிலீனும் தாழும்.

பொலிபுறொப்பிலீனுக்கென்றே ‘அட்ஹீஷன் புறமோட்டர்’ என்று தனி ரின் விற்கிறார்கள். நிறமில்லாத மெல்லிய பூச்சு அது. இதைப் பிறைமர் என்று நினைத்துத் தடிப்பாக அடித்து, காயவிட்டு, மேலே சான்ட் பேப்பரும் போடுகிறார்கள். அத்தோடு அதன் ஒட்டவைக்கும் சக்தி போய்விடும். மெல்லிதாக ஒரு பூச்சு, பிறகு ரின்னில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் அடுத்த பூச்சு. இடையில் கை, துணி எதுவும் படக்கூடாது.

இரண்டாவது பிழையை ஒவ்வொரு வளவிலும் காண்கிறேன்: மண்ணெண்ணெயில் கழுவுவது. எஞ்சின் அழுக்கை மண்ணெண்ணெய் கரைக்கும், உண்மைதான். ஆனால் தான் போகும்போது ஒரு எண்ணெய்ப் படையை விட்டுவிட்டே போகும். டீசலும் அப்படித்தான். இதைவிட மோசமானது, ரயருக்கும் டாஷ்போட்டுக்கும் பூசும் மினுக்கு. அதில் சிலிக்கோன் இருக்கிறது. சிலிக்கோன் பட்ட இடத்தில் பெயின்ற் விலகி, மீன்கண் போல வட்டக் குழிகள் விழும். மேலே எத்தனை பூச்சு அடித்தாலும் அந்தக் கண் மூடாது. முழுவதையும் எடுத்துவிட்டு முதலிலிருந்துதான் வரவேண்டும்.

நான் இப்போது செய்வது இதுதான். பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும், பழைய பல் பிறஷும் கொண்டு இரண்டு தரம் தேய்ப்பேன். கவரின் எழுத்துப் பள்ளங்களிலும் விலா இடுக்குகளிலும் கறுப்பு மை போல அழுக்கு நிற்கும். அது வரும்வரை விடமாட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல் வழி வருவது, கேத்திலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அது பிளாஸ்ரிக்கில் தானாகக் காய்ந்தால் அதே வெள்ளை பெயின்றுக்கு அடியில் படிந்துவிடும். ஆகவே கடைசி அலசலுக்குப் பிடித்துவைத்த மழைத்தண்ணீர், உடனே பெனியன் துணியால் துடைப்பு. குருநகர், பாசையூர்ப் பக்கம் கடலோரத்தில் நிற்கும் கார் என்றால் உப்பும் சேர்ந்திருக்கும், இன்னும் ஒரு தரம் கூடவே அலச வேண்டும். கடைசித் துடைப்புக்கு ஐசோபுறொப்பைல் அல்ககோல் நல்லது. கைக்குப் பூசும் சனிற்றைசர் ஜெல் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும்.

கழுவியவுடன் அடிப்பதும் பிழை. நைலோன் தண்ணீரைக் குடிக்கும் பிளாஸ்ரிக். வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் ஒரு நாளாவது நிழலில் காற்றாட விடுங்கள்.

சான்ட் பேப்பர் 400இல் தொடங்கி 600இல் முடித்தால் போதும். மினுக்கம் செத்து ஒரே மங்கலாக வந்தால் வேலை முடிந்தது. கண்ணாடி நார் கலந்த கவரை அழுத்தித் தேய்த்தால் நார் வெளியே வந்து மேற்பரப்பில் மயிர் எழும்பும். பிறகு அதை அடக்குவது பெரும் பாடு. தோலின் வரி போல நுண்ணிய சொரசொரப்பு உள்ள பட்டிகளுக்குச் சான்ட் பேப்பரே வேண்டாம். சாம்பல் நிற உராய்வு நார்த்துண்டு போதும், இல்லாவிட்டால் அந்தச் சொரசொரப்பு அழிந்துபோகும்.

நேரம் பார்ப்பதில் எங்கள் ஊருக்கென்று தனிக் கணக்கு உண்டு. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றும் மழையும். பெயின்றிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், ஈரக்காற்று அதன்மேல் பனியாகப் படியும், கறுப்பு பால் கலந்தது போல வெளிறும். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் வேறு பிரச்சினை: கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தூள் பச்சைப் பெயின்றில் ஒட்டிக்கொள்ளும். உச்சி வெயிலிலும் அடிக்கக்கூடாது. மேலே தோல் கட்டி, உள்ளே அடைபட்ட கரைப்பான் கொப்புளமாக எழும்பும். பனி உலர்ந்த பின், காற்று கிளம்பும் முன், காலை எட்டரை ஒன்பது மணிதான் நான் கண்ட நல்ல நேரம். முற்றத்தில் முதலில் தண்ணீர் தெளித்து மண்ணை அடக்குங்கள்.

அடிக்கும் முறையில் ஒன்றே ஒன்று: ஒரே தரத்தில் மூடிவிட ஆசைப்படாதீர்கள். உள்ளே உள்ள குண்டு சத்தம் போடத் தொடங்கிய பின்னும் இரண்டு நிமிடம் ரின்னைக் குலுக்குங்கள். 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, கவருக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். முதற் பூச்சு புள்ளிபுள்ளியாக, அடி தெரியும்படி இருக்கட்டும். பத்து நிமிடம் விட்டு அடுத்தது. பல ரின்களில் மறு பூச்சு ஒரு மணி நேரத்துக்குள், அல்லது ஒரு நாளுக்குப் பிறகு என்று எழுதியிருக்கும். நடுவில் அடித்தால் அடிப்பூச்சு சுருங்கி வாழைப்பழத் தோல் போலாகும். ஆளுக்கு ஆள் சொல்வதைக் கேளாமல் அந்த எழுத்தைப் படியுங்கள்.

“எஞ்சின் சூடு” என்று பயந்து சைலன்சருக்கு அடிக்கும் 600 பாகைப் பெயின்ற்றை வாங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பெயின்ற் இறுகுவதற்கே 200 பாகைக்கு மேல் சூடு வேண்டும். கவர் அந்தச் சூட்டைக் காணாது, ஆகவே பெயின்ற் கடைசிவரை இளகியே இருக்கும். அதை இறுக்க அடுப்பில் வைத்தால் கவர் வளைந்துவிடும். எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ற் ஓடும் சூடு ஏறத்தாழ 90 முதல் 105 பாகை. எஞ்சினுக்கென்று விற்கும் சாதாரண எனாமல் அதற்குத் தாராளம்.

தொடவே கூடாதது ஒன்று: ஸ்ரியறிங் நடுவிலும் டாஷ்போட்டிலும் உள்ள எயார்பாக் மூடி. அது வெடித்துத் திறக்க வேண்டிய இடத்தில் மெல்லிதாக ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். அதன்மேல் பெயின்ற் ஏறினால் திறக்கும் விதமே மாறலாம். உயிர் காக்கும் பொருள் அது. எண்ணெய் மூடியில் உள்ள எழுத்து, எச்சரிக்கை ஸ்ரிக்கர் இவற்றையும் ஒட்டும் ரேப் போட்டு மறைத்துவிடுங்கள்.

கிணற்றடியில் ஸ்பிறே அடிக்காதீர்கள், தயவுசெய்து. மூடாத கிணற்றுக்குள் புகை இறங்கும்; மிச்சத் தின்னரை நிலத்தில் ஊற்றினால் சுண்ணாம்புக்கல் வழியாக அது அயலவர் கிணற்றுக்கும் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டை நாங்கள் கண்டவர்கள். ரின்னிலுள்ள வாயு எரியக்கூடியது, விறகடுப்புப் புகையும் பக்கம் வேண்டாம். கடினத்துக்காக, இறுக்கும் திரவமான ஹார்டனர் கலந்த கிளியர் (நிறமில்லாத மேற்பூச்சு) அடிப்பதை வீட்டில் செய்யவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேற் மூச்சுக்குள் போனால் ஆஸ்மா வரலாம், துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

முழுக் கவரையும் அடிக்கும் முன் உட்பக்கத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் எல்லாப் பூச்சும் போட்டு, ஒரு நாள் விட்டு, பிளேட்டால் குறுக்கும் நெடுக்கும் கீறி, ரேப் ஒட்டிச் சடாரென்று இழுங்கள். ரேப்பில் சதுரம் சதுரமாக ஒட்டி வந்தால் முன்பக்கத்தைத் தொடாதீர்கள். கோண்டாவில் அண்ணை காட்டித் தந்த சோதனை இது. என் இரண்டாவது கவர் இதில் தேறிய பிறகுதான் முன்பக்கம் அடித்தேன்.

அடித்து முடித்து ஒரு கிழமை கவரை வெளியே வையுங்கள். மாட்டும் முன் அடியிலுள்ள ரப்பர் குமிழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் கவர் அதிர்ந்து, கீழே போகும் வயரில் உரசிக்கொண்டே இருக்கும்.