பழைய போர்விமானங்களைப் படம் பிடித்தல்: வன்னியிலிருந்து கண்காட்சிக்குப் போவோருக்கு

பழைய போர்விமானத்தின் படம் ஒன்றைப் பார்க்கும்போது கண் முதலில் போக வேண்டிய இடம் அதன் விசிறி. கல்யாண வீட்டுப் படப்பிடிப்பில் பழகிய கை, அசையும் எதையும் உறையவைப்பதற்காக ஷட்டரை, அதாவது கமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/1000 செக்கனுக்குக் கொண்டுபோய்விடும். அந்த வேகத்தில் எடுத்த டகோட்டா சரக்கு விமானமும் ஸ்பிட்பயர் சண்டை விமானமும், விசிறித் தகடுகள் அசையாமல் நிற்க, நூலில் கட்டித் தொங்கவிட்ட விளையாட்டுப் பொருள் போலத்தான் தெரியும். ஷட்டரை எவ்வளவு மெதுவாக்கலாம், மெதுவாக்கிய பிறகும் விமானத்தை எப்படித் தெளிவாக வைத்திருக்கலாம் என்பவையே இங்கு கற்க வேண்டியவற்றுள் பெரும்பகுதி.

ஸ்பிட்பயரின் மெர்லின் இயந்திரம் சாதாரணப் பறப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 தரம் சுழன்றாலும், இடையிலுள்ள பற்சக்கரங்கள் அந்த வேகத்தைப் பாதிக்கும் சற்றுக் கீழே குறைத்தே விசிறிக்குக் கொடுக்கின்றன. ஆகவே விசிறி செக்கனுக்கு 16 சுற்று அளவில்தான் சுழலும். 1/125 செக்கனில் ஒரு தகடு 45 பாகை அளவு நகரும். நான்கு தகடுள்ள விசிறி முழு வட்டமாகத் தெரிய வேண்டுமானால் 1/60 வரை இறங்க வேண்டும். மூன்று தகடுள்ள டகோட்டாவுக்கும் ஏறத்தாழ இதே வேகம் பொருந்தும். ஹார்வர்ட் பயிற்சி விமானத்தில் வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரம் இல்லாததால், இயந்திரத்தின் வேகமே விசிறியின் வேகமாகிறது. 1/200 இலும் நல்ல வீச்சுக் கிடைக்கும். ஜெட் விமானங்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டியதில்லை, 1/1000 அல்லது அதற்கு மேல் வைத்துவிடலாம். இரண்டு வகையும் மாறி மாறி வரும் நிகழ்ச்சியானால், இரண்டு அமைப்புகளையும் முன்கூட்டியே கமராவில் பதிந்து வைத்திருப்பது நல்லது.

மெதுவான ஷட்டரில் கையின் சிறு நடுக்கமும் படத்தைக் கெடுக்கும் என்பதால், விமானத்தோடு உடம்பும் ஒரே சீராகத் திரும்ப வேண்டும். விமானம் எந்த இடத்துக்கு வரும்போது படம் எடுக்க நினைக்கிறீர்களோ, பாதங்களை அந்தத் திசைக்கு ஊன்றி, அது வரும் பக்கத்துக்கு இடுப்பை மட்டும் திருப்பிக்கொள்ள வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடக்கையால் லென்ஸை அடியிலிருந்து தாங்கி, விமானம் தொலைவில் இருக்கும்போதே அதைப் பிடித்துத் தொடர்ந்து வந்து, அது நேர் முன்னால் வரும்போது பொத்தானை மெல்ல அழுத்தி, அழுத்திய பிறகும் கமராவை நிறுத்தாமல் கூடவே போக வேண்டும். பொத்தானை அழுத்தியதும் கை நின்றுவிடுவதுதான் பெரும்பாலானோரின் படம் கலங்கக் காரணம். போகஸைத் தொடர்முறையில் வைத்து, லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் பக்கவாட்டு அசைவுக்கான நிலைக்கு மாற்றிவிடுங்கள். 300 மில்லிமீற்றர் லென்ஸ் போதும். முதலில் 1/320 இல் சில நல்ல படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு படிப்படியாக இறங்கினால் வெறுங்கையோடு திரும்ப நேராது.

இதற்கான பயிற்சிக்கு வன்னியே நல்ல இடம். ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், வீதியை விட்டு நன்றாக ஒதுங்கி நின்று, வேகமாகப் போகும் பஸ்களை 1/60 இல் எடுத்துப் பாருங்கள். பஸ்ஸின் பக்கவாட்டிலுள்ள எழுத்து வாசிக்கும்படி இருக்க, சில்லு சுழன்று, பின்னாலுள்ள மரங்கள் கோடுகளாக ஓடினால் கை பழகிவிட்டது என்று கொள்ளலாம். வானத்துக்கு எதிரே போகஸ் பிடிப்பதற்கு இரணைமடுக் குளக்கட்டில் மாலையில் வட்டமிடும் பருந்துகள் உதவும். முகாம்களின் பக்கமாகவோ வான்படைத் தளங்களின் பக்கமாகவோ மட்டும் லென்ஸைத் திருப்ப வேண்டாம்; அதன் விளைவை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறன் 100 இல் 1/125 செக்கன் வைத்தால் லென்ஸின் துவாரம் எப் 16 பக்கம் சுருங்கிவிடும். 1/60 க்கு இறங்கினால் எப் 22. அவ்வளவு சிறிய துவாரத்தில், சோளகக் காற்றில் சென்சாரில் ஒட்டிய செம்மண் தூசி ஒவ்வொன்றும் வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். புறப்படுவதற்கு முன் ஊதுபந்தால் சென்சாரைத் துப்புரவாக்கி, ஒளியைக் குறைக்கும் வடிகட்டி ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். வெளிறிய வானத்துக்கு எதிரே விமானத்தின் அடிப்பக்கம் கறுத்துப்போகாமல் இருக்க ஒளியளவை ஒரு ஸ்டொப் வரை, அதாவது இரு மடங்கு வரை, கூட்டலாம். விமானம் மரங்களுக்கு முன்னால் தாழ்ந்ததும் பழைய நிலைக்கு வர வேண்டும்.

எங்கே நிற்பது என்பதை வெயில்தான் தீர்மானிக்கிறது. 2024 ஒக்டோபர் 6 ஆம் திகதி சென்னை மெரினாவில் இந்திய வான்படையின் டகோட்டாவும் பறந்த காட்சி, முற்பகல் 11 மணியளவில் தொடங்கியது. அந்த நேரத்தில் கடலைப் பார்த்து நிற்பவருக்குச் சூரியன் முன்பக்கத்தில் இருக்கும். விமானத்தின் நம் பக்கம் நிழலாகும். அன்றைய வெக்கையில் பலர் மயங்கி விழுந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. ஆகவே லென்ஸுக்கு முன்னதாகத் தண்ணீரும் தொப்பியும் பையில் ஏற வேண்டும். சகோதரங்களைப் பார்க்க இங்கிலாந்து போகிறவர்கள் டக்ஸ்போர்ட் தளத்தில் நடக்கும் விமானக் கண்காட்சியைத் தவறவிடக் கூடாது. 1938 இல் ஸ்பிட்பயர் முதன்முதலில் படைச்சேவையில் சேர்ந்த தளம் அது. அங்கும் பார்வையாளர் தெற்கை, அதாவது சூரியன் உள்ள பக்கத்தை, நோக்கியே நிற்பதால், ஓடுதளத்தின் ஏதாவதொரு முனைக்கு நகர்ந்து, விமானம் சரிந்து திரும்பும் இடத்துக்குக் காத்திருப்பது மேல். அப்படிச் சரியும்போதுதான் இறக்கையின் மேற்பரப்பும் விமானி அமரும் கண்ணாடிக் கூண்டும் ஒருங்கே தெரியும். நேராகக் கடந்து போகும் பத்துப் படங்களை விட அப்படிப்பட்ட ஒன்று சிறந்தது என்பது என் எண்ணம்.

வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிச் செல்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். போர்க்காலத்தில் கிபிர் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய காதுகளுக்கு, தாழப் பறக்கும் ஜெட்டின் சத்தம் வேடிக்கை ஆகாது. நிகழ்ச்சி நிரலை முன்பே வாசித்து, ஜெட் வரும் நேரத்தை அவர்களுக்குச் சொல்லிவைத்து, விரும்பினால் அப்பால் போய் இருப்பதற்கு இடமும் பார்த்து வைப்பது படத்தை விட முக்கியம்.

தரையில் நிற்கும் விமானங்களை வாசல் திறந்தவுடனே, கூட்டம் சேரும் முன்பு, முழங்காலில் நின்று தாழ்வான கோணத்தில் எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு ஓடுதளத்தின் மேல் கானல் அலையும். எந்த விலையுயர்ந்த லென்ஸும் அதை வெல்லாது. இயந்திரம் உயிர்பெற்று வெளிக்குழாய்களால் புகை கக்கும் கணத்தை விடாதீர்கள். விசிறி அப்போது மெதுவாகவே சுழல்வதால் 1/30 போதும். எடுத்தவற்றைக் கமராவின் சிறு திரையில் பார்த்து அழிக்காமல், கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, கண்ணாடிக் கூண்டின் சட்டங்களும் பக்கவாட்டு எழுத்துகளும் கூர்மையாக உள்ளவற்றைத் தேர்ந்தெடுங்கள். மெதுவான ஷட்டரில் மூக்கும் வாலும் ஒரே அளவு கூர்மையாக அமைவது அரிது. வால் நுனி சற்று மங்கியிருப்பதற்காக ஒரு படத்தைத் தள்ள வேண்டியதில்லை.