கார்ப் பயணத்தில் எண்ணெய் வடியும் முகம்: கழுவுவதைக் குறையுங்கள், ஒற்றி எடுங்கள்

மே மாதம், கத்திரி வெயில், சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குக் காரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் முகம் கழுவிக் கிளம்பினால் திண்டிவனம் தாண்டும்போதே மூக்கும் நெற்றியும் மினுங்க ஆரம்பித்துவிடும். விழுப்புரத்தில் டீக்கு இறங்கி, ஹோட்டல் குழாயில் கைகழுவ வைத்திருக்கும் சோப்பையே முகத்திலும் போட்டுப் பரபரவென்று தேய்த்துக் கழுவி, அப்பாடா என்று ஏறி உட்கார்ந்தால் உளுந்தூர்பேட்டையில் மறுபடி அதே கதை. எண்ணெய்ச் சருமம் உள்ள பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். இதில் தப்பு எண்ணெயில் இல்லை, அந்தக் குழாயடியில்தான்.

முதலில் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். தோலுக்குள் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் நெற்றி, மூக்கு, தாடை ஆகிய இடங்களில் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றை ஆட்டுவிப்பது ஹார்மோன், அதற்கு மேல் பரம்பரை. தோல் சூடேறினால் எண்ணெய் அதிகமாக வெளியே வரும், இளகி வேகமாகப் பரவவும் செய்யும், கூடவே வியர்வையும் சேர்ந்துகொள்ளும். சோப்பு போட்டு நான்கு முறை கழுவினாலும் சுரப்பி வேலையை நிறுத்தப் போவதில்லை. மேலே இருக்கிற எண்ணெயோடு தோலின் பாதுகாப்புப் படலமும் போய், ஏசி காற்றில் கன்னம் இழுத்துப் பிடிக்கும், மூக்கோ பழையபடி பளபளக்கும். பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பாகவோ கடினமாகவோ வேறு இருக்கும், அதில் சோப்பு சரியாக நுரைக்காது, சரியாகப் போகவும் போகாது, ஒரு படிவாக முகத்திலேயே தங்கிவிடும்.

அதனால் வழியில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மேலே வந்து நிற்கிற எண்ணெயை மட்டும் ஒற்றி எடுப்பது. பிளாட்டிங் பேப்பர் என்று மருந்துக்கடையிலும் ஃபேன்சி ஸ்டோரிலும் சின்னக் கட்டாக விற்கிறார்கள், சட்டைப்பையில் அடங்கும். மூக்கின் மேல் ஒரு தாளை வைத்து சில விநாடி அழுத்திப் பிடித்து எடுங்கள், தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அவ்வளவுதான். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் எண்ணெய் இடம் மாறும், சன்ஸ்கிரீன் கிளம்பி வரும், பரு இருந்தால் அது கோபித்துக்கொள்ளும். அந்தத் தாள் கிடைக்காவிட்டால் சாதாரண டிஷ்யூவை இரண்டாகப் பிரித்து ஒரு படலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் நன்றாகவே உறிஞ்சும். வியர்வை அதிகமாக இருந்தால் சுத்தமான பருத்திக் கைக்குட்டையைக் குடிக்கிற தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒற்றி, பிறகு காகிதம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும், அதற்கு மேல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தால் பயணம் உருப்படாது.

வண்டி ஓட்டுகிறவர் ஓட்டிக்கொண்டே இதைச் செய்யக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் செய்கிறார்கள். முன்பு சுங்கச்சாவடி வரிசையில் நிற்கிற நேரத்தில் முகம் துடைத்துத் தலை வாரியே முடித்துவிடலாம், 2021இல் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு அந்த வசதியும் போனது. ஓரமாக நிறுத்தி இறங்கும்போது செய்துகொள்ளுங்கள்.

இப்போது கிளம்புவதற்கு முன். முந்தின இரவு புது க்ரீம், ஸ்க்ரப், ஃபேஷியல், ப்ளீச் எதுவும் வேண்டாம், மறுநாள் வெயிலில் உட்காரப் போகும் முகத்தில் பரிசோதனை செய்ய அது நேரமில்லை. சாலிசிலிக் ஆசிட் உள்ள ஃபேஸ்வாஷ் ஏற்கெனவே பழக்கம் என்றால் அதைப் போடலாம், எண்ணெயில் கரையும் தன்மை அதற்கு இருப்பதால் துவாரத்துக்குள் போய் அடைப்பை இளக்கும். நியாசினமைடு சீரம் எண்ணெயைக் கொஞ்சம் குறைக்கும்தான், ஆனால் அதற்குச் சில வாரங்கள் வேண்டும், கல்யாணத்துக்கு முந்தின நாள் வாங்கிப் பூசிப் பிரயோஜனமில்லை.

காலையில் மென்மையான ஃபேஸ்வாஷ், லேசான ஜெல் மாய்ஸ்சரைசர், அதன் மேல் சன்ஸ்கிரீன். "எண்ணெய் முகத்துக்கு எதற்கு மாய்ஸ்சரைசர்?" என்று கேட்பவர்களுக்கு: ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும், அதனால் தோல் காய்ந்தும் இருக்கும், எண்ணெயாகவும் இருக்கும், இரண்டும் ஒரே முகத்தில் நடக்கும். பட்டாணி அளவு போதும்.

சன்ஸ்கிரீனைத்தான் எண்ணெய் முகக்காரர்கள் முதலில் வெட்டிவிடுகிறார்கள். பிசுபிசுக்கிறது, கார் கண்ணாடிக்குள்தானே இருக்கிறோம் என்பார்கள். வெயிலில் யுவிஏ, யுவிபி என்று இரண்டு வகைப் புற ஊதாக் கதிர்கள் நம்மேல் படுகின்றன. கண்ணாடி தடுப்பது எரிச்சல் தருகிற யுவிபி கதிரை. நிறத்தைக் கருக்குகிற, பரு போன இடத்தின் தழும்பை மேலும் கறுப்பாக்குகிற யுவிஏ பக்கக் கண்ணாடி வழியாக நன்றாகவே உள்ளே வரும். முன் கண்ணாடி வேறு ரகம், இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் இருப்பதால் அது யுவிஏவில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. 2012இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது, 28 வருடம் டெலிவரி லாரி ஓட்டிய 69 வயதுக்காரர், ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தொங்கி, பள்ளம் பள்ளமாகச் சுருங்கிப்போயிருந்தது, வலது கன்னம் அவ்வளவு மோசமில்லை. நம் ஊரில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருவதால் நமக்கு அது வலது கன்னம்.

இதற்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமே என்று நினைக்காதீர்கள். அதே 2012இல் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதைத் தடைசெய்தது. முன், பின் கண்ணாடி 70 சதவீதமும் பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் வெளிச்சத்தை விட வேண்டும் என்பது வாகன விதி. எளிய வழி, இடம் பார்த்து உட்காருவது. சென்னையிலிருந்து தெற்கே போகும்போது காலை வெயில் இடது ஜன்னலில் விழும், மதியத்துக்கு மேல் வலது ஜன்னலில். திரும்பி வரும்போது தலைகீழ். ஓட்டுகிறவருக்கு இடம் மாற வழியில்லை, மற்றவர்கள் சாப்பாட்டுக்கு இறங்கி ஏறும்போது மாற்றி உட்காரலாம்.

எந்த சன்ஸ்கிரீன்? ஜெல் அல்லது தண்ணீர் மாதிரி இருக்கும் வகை, மேட் ஃபினிஷ் (பளபளக்காது) என்று எழுதியிருக்கும், யுவிபி தடுப்பைச் சொல்லும் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், யுவிஏ தடுப்பைச் சொல்லும் பிஏ குறியில் மூன்று பிளஸ்ஸாவது இருக்கட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே போட்டு ஊற விடுங்கள். ஓட்டுகிறவர் புருவத்துக்கு மேலே கொஞ்சம் குறைத்துப் போடுவது நல்லது, வியர்வையோடு கண்ணில் இறங்கினால் நெடுஞ்சாலையில் கண் எரிச்சலோடு ஓட்ட வேண்டியிருக்கும். வழியில் மறுபடி போடும்போது முதலில் எண்ணெயை ஒற்றிவிட்டுப் போடுங்கள், எண்ணெய் மேல் பூசினால் திட்டுத் திட்டாக நிற்கும். ட்யூபை டேஷ்போர்டில் வைக்க வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், மருந்து பிரிந்து தண்ணீராகிவிடும். கைப்பையில் வைத்து இறங்கும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் தலை எண்ணெய். இது நம் வீடுகளுக்கே உரிய பிரச்சினை. நீண்ட பயணம், சூடு என்று அம்மா தலையில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக வைத்துவிடுவார், மறுக்க முடியாது. அந்த எண்ணெய் சூட்டில் இளகி நெற்றிக்கு இறங்கும், ஹெட்ரெஸ்டில் படியும், தூங்கித் தலை சாயும்போது கன்னத்துக்கு வரும். நெற்றி ஓரத்தில் பொடிப் பொடியாகப் பரு வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். எண்ணெயை ராத்திரியே வைத்துக் காலையில் அலசிவிட்டுக் கிளம்பினால் அம்மாவுக்கும் திருப்தி, நெற்றிக்கும் நல்லது. சீட் கவரைக் கடைசியாக எப்போது துவைத்தோம் என்று யோசித்துப் பாருங்கள், நினைவுக்கு வராது. துவைத்த துண்டு ஒன்றைத் தலை சாய்க்கும் இடத்தில் போட்டுக்கொள்வது போதும்.

ஏசி விஷயம் சுருக்கமாக: வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கதவு, ஜன்னலைத் திறந்து உள்ளே இருக்கும் அனலை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள், சீக்கிரம் குளிரும். காற்றை முகத்தில் நேராக அடிக்க விடாமல் நெஞ்சுப் பக்கம் திருப்புங்கள். உள்காற்றே சுற்றும் பட்டனில் மணிக்கணக்காக ஓட்டினால் மூச்சுக்காற்று தேங்கித் தூக்கம் வரும், நடுநடுவே வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

பஜ்ஜி சாப்பிட்டால் முகத்தில் எண்ணெய் வடியுமா என்றால், வயிற்றுக்குள் போன எண்ணெய் நேராக முகத்துக்கு வராது. பஜ்ஜி பிடித்த விரல் முகத்துக்கு வரும், அதுதான் தொல்லை. கைகழுவத்தான் அந்த ஹோட்டல் சோப்பு. தண்ணீர் நிறையக் குடித்தால் எண்ணெய் குறையும் என்பதும் அப்படித்தான், குறையாது, ஆனால் கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் போக முடியாது, குடியுங்கள்.

வெட் வைப்ஸ் அவசரத்துக்கு மட்டும். வாசனையும் ஆல்கஹாலும் உள்ளவை எரியும், துடைத்த பிறகு ஒரு வழவழப்பும் தங்கும். டால்கம் பவுடரை எண்ணெய் மேல் அப்புவது அதைவிட மோசம், ஒரு மணி நேரத்தில் வியர்வையோடு சேர்ந்து கோடு கோடாக இறங்கி, கழுத்தில் வெள்ளையாகத் தேங்கி நிற்கும், கல்யாண ஆல்பத்தில் அது நிரந்தரமாகப் பதிவாகும். பவுடர் வேண்டுமென்றால் ஒற்றி எடுத்த பிறகு, நிறத்துக்கு ஏற்ற காம்பேக்டை மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் மெல்லத் தட்டுங்கள்.

முழுதாக ஒருமுறை கழுவ ஆசைப்பட்டால் அதை ஊர் போய்ச் சேரும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்குள் நுழைவதற்கு முன், சொந்த ஃபேஸ்வாஷ், பாட்டில் தண்ணீர், பிறகு மாய்ஸ்சரைசர். நடுவில் கழுவியே தீர வேண்டும் போலிருந்தால் வெறும் தண்ணீர் தெளித்து ஒற்றினால் போதும். ராத்திரி படுக்கும் முன் சன்ஸ்கிரீன் போகும்படி நன்றாகக் கழுவிவிடுங்கள், எவ்வளவு களைப்பாக இருந்தாலும்.

இதெல்லாம் செய்தும் அடங்காத எண்ணெய் சிலருக்கு உண்டு. மூக்கின் இரு ஓரமும் சிவந்து செதில் செதிலாக உரிகிறது, அல்லது பெண்களுக்கு எண்ணெய் திடீரென்று அதிகமாகி, கூடவே மாதவிடாய் தள்ளிப்போவதும் தாடையில் முடி வளர்வதும் இருக்கிறது என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பருவுக்கு ஏற்கெனவே மாத்திரையோ ரெட்டினாய்டு க்ரீமோ எடுப்பவர்கள் பயணத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள், அந்த மருந்துகளில் சில வெயிலைத் தாங்க விடாது.